அடைக்கலமும் புருஷகாரமும்

திருக்கோவலூருக்கு ஸேவிக்க வரும் பக்தர்களில் இடைகழியின் வரலாற்றைக் கேளாமல் திரும்புவோர் அரியர். இருளும் பெருமழையும் கூடிய ஓர் இரவில் பொய்கையாழ்வார் மிருகண்டு மஹரிஷியின் ஆச்ரமத்து இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். சற்றுப் பொழுதில் பூதத்தாழ்வார் நனைந்து வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவராயின் இருக்கலாம் என்று முன்னவர் எழுந்து உட்கார்ந்தார். பின்னர்ப் பேயாழ்வார் வரவே, மூவராயின் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கியதும், நெருக்கியவர் யாரென்று காண முதலிரு ஆழ்வார்களும் விளக்கேற்றியதும், அதனின்று மூன்று திருவந்தாதிகள் பிறந்ததும் உலகறிந்தவை.

காலக்ஷேபம் செய்வோர் நான்காமவருடைய நெருக்கத்தை விரித்துரைப்பது இயல்பே. எனினும் அதற்கு முன் நிகழ்ந்த சிறு செயலொன்று உண்டு. படுத்திருந்தவர் எழுந்தார், இருந்தவர் நின்றார். இடம் கொடுப்பதென்பது இருக்கிற இடத்தில் மிச்சத்தைத் தருவதன்று; தன் படுக்கையைச் சுருட்டிக்கொள்வது. அவ்விரவில் வந்தவரிடம் எந்த ஊர், யார் மகன், சான்று உண்டோ என்று ஒருவரும் வினவவில்லை. மஹான்கள் ஒருவரையொருவர் அறிந்த முறை அது. ஆனால் உலகத்தின் வாசல்கள் இடைகழியைப் போன்றவையல்ல. அங்கே வினாவும் உண்டு, விசாரணையும் உண்டு, முத்திரையிட்ட காகிதமும் உண்டு. அவ்வாசலில் நிற்பவனுடைய கதி என்ன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இந்த ஆராய்ச்சிக்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26 முதல் திருக்கோவலூரும் கள்ளக்குறிச்சியும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. மேற்கே அம்மாவட்டத்தின் எல்லையாய் எழுந்து நிற்பது கல்வராயன் மலை. அங்கு வாழும் மலையாளி மக்கள் கேரள தேசத்தவரல்லர்; மலையை ஆள்பவர் என்பதே அப்பெயரின் பொருள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து இம்மலைகளில் புகுந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பியர் மூவரும் கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அவர்கள் தொழும் தெய்வம் கரிராமன். ஊரை விட்டு வந்தவர்கள் எம்பெருமானை விடாமல் கூட அழைத்து வந்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. மலையடிவாரத்திற்கு அப்பால் சின்னசேலத்தில் மற்றொரு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்கள் கடல் கடந்து இலங்கையிலிருந்து வந்தவர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவனும் முகாமிலிருந்து நடந்து வந்தவனும் உத்ஸவ காலத்தில் ஒரே வரிசையில் நின்று தீர்த்தமும் சடாரியும் பெறுகின்றனர். வரிசை கலைந்த பின்னரே ஒருவன் பிரஜை, மற்றவன் அயல்நாட்டான் என்ற பேதம் வந்து சேருகிறது.

அடைக்கலம் என்று வந்தவனுக்குச் சோறும் கூரையும் கொடுத்துவிட்டால் தர்மம் நிறைவேறிற்றா? அவனுக்காக எடுத்துச் சொல்ல ஒருவன் வேண்டாமா? அங்ஙனம் சொல்பவன் கூலி கருதாமல் சொல்ல வேண்டுமென்பது தயையா, கடமையா?

சரணாகதி சாஸ்திரமென்று போற்றப்படும் ஸ்ரீமத் ராமாயணத்தில் இதற்கு விடை காணலாம். ஸ்ரீவிபீஷணாழ்வான் இலங்கையைத் துறந்து நால்வரோடு வந்து கடற்கரையில் ஆகாசத்தே நின்றான். நின்றவன் நேரே பெருமாளுடைய திருவடியில் விழவில்லை. கீழே நின்ற வானரர்களை நோக்கி, தான் வந்திருப்பதை ராகவனுக்கு விரைந்து தெரிவிக்குமாறு வேண்டினான். ஸர்வஜ்ஞனான எம்பெருமானுக்கு ஒருவர் தெரிவிக்க வேண்டுமோ? வேண்டாதிருந்தும் அவன் வேண்டினான். தகுதியுடையாரை முன்னிட்டே பற்ற வேண்டும் என்ற முறையைப் பூர்வாசார்யர்கள் இவ்விடத்தில் காட்டியருளினர். இவ்வாறு முன்னிட்டுச் சொல்லுதலே புருஷகாரம் எனப்படுவது. உலக வழக்கில் இதற்கு அணித்தாக உள்ள சொல் ‘வக்காலத்து’ என்பதாம்.

பெருமாள் உடனே ‘வருக’ என்று சொல்லிவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அருகிலிருந்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார். ‘மஹாராஜர்’ என்று வியாக்யான கர்த்தாக்கள் போற்றும் சுக்ரீவன், வந்திருப்பவன் பகைவனின் தம்பியாதலால் கொல்லத்தக்கவன் என்றான். சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்றான் அங்கதன். ஒற்றனை அனுப்பியறிய வேண்டும் என்றான் சரபன். வந்த காலமும் இடமும் தகாதவை என்று ஐயுற்றார் ஜாம்பவான். இனிய சொற்களால் மெல்ல விசாரிக்கலாம் என்றான் மைந்தன். இவர்களில் தீயவன் ஒருவனுமில்லை. தலைவனிடத்தில் கொண்ட பரிவே அவர்களை அஞ்சச் செய்தது. ஆகவேதான் பெருமாள் எவரையும் கடிந்து பேசவில்லை.

கடைசியில் பேசியவர் திருவடி என்னும் ஹனுமான். அவர் வாதித்த முறை இன்றைய நீதிமன்றத்து நல்ல வக்கீலின் முறை. ஒற்றனை அனுப்பி அறிவது, ஒருவன் உடனே எதிரில் வந்து நிற்கும்போது ஆகிற காரியமன்று என்றார். திடீரென்று கேள்விமேல் கேள்வி கேட்டால் மெய்யன்போடு வந்தவனும் மனம் கலங்கி ஐயுறுவான் என்றார். வந்தவனுடைய குரலிலும் முகத்திலும் கபடம் தெரியவில்லை என்றும், உள்ளத்தின் குற்றத்தை முகம் மறைக்க வல்லதன்று என்றும் கூறினார். அதன்மேல், ராவணனுடைய தீச்செயலையும் பெருமாளுடைய பராக்கிரமத்தையும் ஒப்பிட்டு நோக்கியவன் இக்காலத்தில் இவ்விடத்தை நாடி வருதல் பொருந்தும் என்று காலத்தையும் இடத்தையும் குறித்த ஆட்சேபத்திற்கும் மறுமொழி சொன்னார். விபீஷணனோ இவருக்கு ஒரு காசும் கொடுத்தவனல்லன்.

பின்னர்ப் பெருமாள் தம் திருவுள்ளத்தை வெளியிட்டார். புறாவொன்று தன் பேடையைப் பிடித்த வேடனுக்கே விருந்து செய்த கதையையும் கண்டு மஹரிஷியின் வாக்கையும் எடுத்துக்காட்டி, வந்தவன் ராவணனேயாயினும் அபயம் கொடுத்தாயிற்று, அழைத்து வருக என்று மஹாராஜரையே அனுப்பினார். ஆட்சேபித்தவர் கையாலேயே அழைத்துவரச் செய்தது பெருமாளுடைய நீர்மை. ஸ்ரீவேதாந்த தேசிகன் இப்பகுதியின் பொருளை விரித்தே ‘அபயப்ரதானஸாரம்’ என்ற ரஹஸ்ய கிரந்தத்தை அருளிச்செய்தார்.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உளது. விசாரணை நடந்தது, விவாதமும் நடந்தது. ஆனால் அது முடியும்வரை வந்தவனை ஒருவரும் இலங்கைக்குத் துரத்தவில்லை. இக்காலத்து உலக நாடுகள் அகதிகளைப் பற்றி வகுத்துக்கொண்ட விதிகளுள் முதன்மையானது, உயிருக்கு அச்சமுள்ள இடத்துக்கு ஒருவனைத் திருப்பியனுப்பலாகாது என்பதே. 1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையும் அதைச் சொல்கின்றன. பாரதம் அவ்விரண்டிலும் கையொப்பமிட்ட நாடன்று. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கு இயற்றப்படவில்லை.

இனி, அதே கடலின் அதே கரைக்கு 1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின் வந்தவர்களை நினைத்துப் பார்க்கலாம். விபீஷண சரணாகதி நிகழ்ந்த தலமென்று பெரியோர் கூறும் திருப்புல்லாணிக்கு அருகேதான் ராமேச்வரமும் மண்டபமும் உள்ளன. படகுகளில் வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, அங்கிருந்து தமிழகத்தின் பல ஊர்களிலும் தங்கவைக்கப்பட்டனர். அடுத்த முப்பதாண்டுக் காலத்தில் பல அலைகளாக வந்தவர் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர். திரும்பிப் போனவர் பலர். 2021-ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே பதிவு பெற்று ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தனர். தமிழ் மக்கள் அவர்களை ஏற்றனர். அரசும் உதவித்தொகையும் அரிசியும் தந்தது. அதனைக் குறைத்துப் பேசுவது நன்றிமறத்தலாகும். ஆயினும் வாயால் அகதி என்றழைக்கப்பட்ட அவர்கள், காகிதத்தில் 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின்படி அயல்நாட்டாராகவே நின்றனர். கூரை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

பெயரில்லாதவனுடைய துன்பம் எத்தகையது? முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். அது இலங்கைத் தூதரகத்திலும் பதிவாக வேண்டும். இல்லையேல் அக்குழந்தை எந்நாட்டுக்கும் உரியதன்று. திருமணம், மேற்படிப்பு, வேலை, தாய்நாடு திரும்புதற்கான அனுமதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு, ஒரு சான்று, ஓர் அலுவலகம். தந்தை செல்வநாயகத்தின் புதல்வரும் வழக்குரைஞருமான சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. முகாம் முகாமாகச் சென்று பிறந்த குழந்தைகளின் விவரங்களைத் திரட்டித் தூதரகத்தில் பதிவு செய்வித்தனர். அப்பணியைச் செய்தவர்களிலும் பலர் அகதிகளே. மேடையில் பேசப்படாத இத்தகைய வேலையே உண்மையான வக்காலத்து. நீதிமன்றத்து வாதம் அதன் ஒரு சிறு பகுதிதான்.

நீதிமன்றம் சென்ற வழக்குகளும் உண்டு. 1992-இல் அகதிகளைத் தாயகம் அனுப்பும் ஏற்பாடு தொடங்கியபோது, அவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்ற கேள்வியைப் பழ. நெடுமாறனும் மருத்துவர் இராமதாஸும் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வைத்தனர். ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் அவ்விருப்பத்தை நேரில் அறியும் பணியில் இருப்பதால் அதன் நடுநிலையை ஏற்பதாக நீதிமன்றம் கூறிற்று. 1996-இல் அருணாசலப் பிரதேசத்தில் தங்கியிருந்த சக்மா மக்களைத் துரத்த முயன்றபோது உச்சநீதிமன்றம், பிரஜையாயினும் அல்லாதவராயினும் ஒவ்வொரு மனிதனுடைய உயிரையும் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. அரசியல் சாஸனத்தின் 21-ஆம் பிரிவு ‘எந்த மனிதனும்’ என்று பேசுகிறதேயன்றி ‘எந்தப் பிரஜையும்’ என்று பேசவில்லை. ஒரு சொல்லில் எத்தனை உயிர் தங்கியிருக்கிறது!

எல்லாவற்றினும் உள்ளத்தைத் தொடுவது 2022-ஆம் ஆண்டு மதுரைக் கிளையின் தீர்ப்பு ஒன்று. மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட் கேட்டார். அயல்நாட்டார் என்று மறுக்கப்பட்டது. ஆனால் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே பாரதப் பிரஜை என்று குடியுரிமைச் சட்டம் கூறுகிறது. அவர் அத்தேதிக்கு முன்னரே பிறந்தவர். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இதில் புதிதாக ஒன்றும் கொடுக்கப்படவில்லை என்பதை நோக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்தே அவருடையதாயிருந்த உரிமை முப்பது வருஷங்களுக்கு மேலாக யாரும் எடுத்துச் சொல்லாமையால் பெட்டியில் கிடந்தது.

ஸ்ரீவசன பூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் காகாஸுரனையும் ராவணனையும் ஒப்பிட்டுக் காட்டிய இடம் இங்கே நினைவுக்கு வருகிறது. அபசாரத்தில் காகம் குறைந்ததன்று. ஆயினும் காகம் பிழைத்தது, ராவணன் முடிந்தான். காரணம் யாது? காகம் விழுந்தபோது பிராட்டி அருகிருந்தாள். ராவணன் விழுந்தபோது அவள் ஸந்நிதி இல்லை. எம்பெருமானும் ஒருவனே, அவனுடைய அம்பும் ஒன்றே. வேறுபாடு பக்கத்தில் ஒருவர் இருந்ததும் இல்லாததுமே. ஸர்வஜ்ஞனுடைய ஸந்நிதியிலேயே இதுவாயின், சொல்லாததை அறிய வகையில்லாத மனித நீதிபதியின் முன் வாயற்று நிற்பவன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

பிராட்டி புருஷகாரத்துக்குக் கூலி பெறுவதில்லை. வக்கீல் பெறலாகாதா எனின், பெறலாம். அவருக்கும் குடும்பம் உண்டு. தொழிலுக்கு ஊதியம் பெறுதல் பாபமன்று. ஆனால் முகாமிலிருப்பவனுடைய நிலையையும் பார்க்க வேண்டும். 2021-இல் உயர்த்தப்பட்ட பின்னரும் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்க்கு 1,000, சிறுவர்க்கு 500 என்பதே உதவித்தொகை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சென்னை உயர்நீதிமன்றத்துக்கு நாலு தடவை போய்வந்தால் பஸ் கட்டணத்திலேயே அத்தொகை கரையும். இவனிடம் கூலி கேட்பது, கேளாதே என்று சொல்வதற்குச் சமானம்.

இதை அறிந்தே 1976-இல் அரசியல் சாஸனத்தில் 39-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வறுமையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, இலவசச் சட்ட உதவி அரசு செய்க என்பது அதன் கருத்து. 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பழங்குடியினர், காவலில் இருப்போர், இனக்கலவரத்தால் பாதிக்கப்பட்டோர், வருமானம் குறைந்தோர் ஆகியோர்க்கு வக்கீலைக் கட்டணமின்றி அளிக்க அச்சட்டம் வகைசெய்கிறது. அங்கும் ‘நபர்’ என்றே இருக்கிறது, பிரஜை என்றில்லை. ஆகவே இது தயையால் வீசப்படும் பிச்சையன்று, கேட்கத்தக்க உரிமை. நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். அன்னதானச் சத்திரம் எங்கே என்று விசாரிக்கத் தெரிந்த ஜனங்களுக்கு இவ்விடத்தை விசாரிக்கத் தெரியவில்லை.

மஹாராஜருடைய ஆட்சேபம் இக்காலத்திலும் எழாமலில்லை. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது உச்சநீதிமன்றம், எவ்விடத்து அகதியையும் ஏற்று வைத்திருக்க இத்தேசம் தர்மசத்திரமா என்று வினவிற்று. அந்த மனுதாரர் குற்ற வழக்கொன்றில் தண்டனை பெற்றவர். நூற்று நாற்பது கோடி ஜனங்களின் பாரத்தைச் சுமக்கும் நாட்டின் கவலை அவ்வினாவில் ஒலிக்கிறது. அதை இரக்கமின்மை என்று ஒதுக்குவோர் மஹாராஜரையும் இரக்கமற்றவர் என்று சொல்ல நேரும். யாரை ஏற்பது, எத்தனை பேரை ஏற்பது என்பவை ராஜ தர்மம். அவற்றில் தீர்ப்புச் சொல்வது வக்காலத்து ஏற்பவனுடைய வேலையன்று. அவன் கேட்பதெல்லாம், தீர்ப்புக்கு முன் இவன் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதே. பொய்யனுக்கும் இவ்வுதவி போய்ச்சேராதோ எனின், சேரலாம். ராவணன் ஏவிய சுகன் என்ற ஒற்றன் பறவை வடிவில் வந்து வானரர் கையில் அகப்பட்டு அலறினான். பெருமாள் அவனுயிரையும் காத்தார். பொய்யன் ஒருவன் நுழைவானென்று அஞ்சிக் கதவையே பெயர்த்து வைப்பது இடைகழியில் நிகழாதது. ஆனால் தன்னை நாடி வந்தவன் பொய் சொல்கிறான் என்று கண்டால், அவனிடமே தனிமையில் அதைச் சொல்லும் நேர்மை வக்கீலுக்கு வேண்டும். கூலி வாங்காதவனுக்கு அது எளிது. இழக்க அவனுக்கு ஒன்றுமில்லை.

இவ்விஷயம் கடல் கடந்து வந்தவர்களுக்கு மட்டுமே உரியதென்று கல்வராயன் மலையிலிருந்து வந்த யாத்திரிகர் எண்ணமாட்டார். அம்மலை மூன்று ஜாகீர்களாக நெடுங்காலம் ஆளப்பட்டு, 1976-இல்தான் அரசின் வசமாயிற்று. செம்மர வழக்குகளில் அகப்பட்டு ஆந்திரச் சிறைகளில் கிடந்த மலைவாசிகளின் வீடுகளில், என்ன குற்றச்சாட்டு என்று படித்துச் சொல்லவும் ஆளில்லை. காகிதம் தெலுங்கில் இருந்தது. கேள்வியும் தெலுங்கில் வந்தது. குற்றம் செய்தவனும் இருந்திருப்பான், செய்யாதவனும் இருந்திருப்பான். இருவரையும் பிரித்துக் காட்டப் பேசத் தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது. பிரஜையாயிருந்தும் பாஷை தெரியாத ஊரில் அவன் பட்டதைக் கொண்டு, பிரஜையுமாகாதவன் படுவதை அவனால் உணர முடியும்.

2025 செப்டம்பர் மாதத்தில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. முகாம்களில் முதியோர் பலருக்கு இது பெரிய ஆறுதல். குடியுரிமை என்பது வேறு. அது இதில் இல்லை. மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர், 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தில் தங்கள் பெயர் எங்கே நின்றது என்று இன்னும் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்களில் 65 பேர் கொடுத்த மனுவை 2019-இல் விசாரித்த மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு செய்யும்படி மத்திய அரசுக்குப் பணித்தது. 2022-இல் இலங்கையில் விலைவாசி பொறுக்கமாட்டாமல் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறங்கியவர்களோ மேற்சொன்ன தேதிக்குப் பின் வந்தவர்கள். விலக்கு அவர்களைத் தொடாது. அவர்களைக் குறித்து எழுத வேண்டிய மனுக்கள் எழுதப்பட வேண்டியவையாகவே இருக்கின்றன. எழுதத் தெரிந்தவர்கள் கள்ளக்குறிச்சியிலும் இருக்கின்றனர்.